சீனி எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள் – யாராவது விஷ மருந்து வைத்திருப்பார்களா?

கடைசிக்காம்பரா (செவ்வாய், இரவு 9.40)

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் நாய் சீனி, நாலு வயசுப் பெட்டை. சாதி நாய் எல்லாம் இல்லை, லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) நாய்தான். பதினான்கு கிலோ இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நன்றாகத்தான் இருந்தாள். சனிக்கிழமை அம்மாவோடு கொழுந்து நிறுக்கிற மடுவம் வரை போய்விட்டு, வழியில் பிள்ளை மடுவத்துக் குழந்தைகளிடம் பிஸ்கட் வாங்கித் தின்றுவிட்டு வந்தாள்.

நேற்றுக் காலை ரொட்டி போட்டேன். மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். மழைக்குளிர் என்று நினைத்து சாக்கு ஒன்றை எடுத்துப் போர்த்திவிட்டேன். இன்றைக்குப் பின்னேரம் தண்ணீர் எடுக்கிற பீலிக்கு இறங்குகிற படியில் பின்னங்கால் மடங்கி விழுந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரு தடவை மஞ்சளாக வாந்தி எடுத்தாள். மூக்கின் ஓரத்தில் கொஞ்சம் ரத்தம். மூத்திரம் சாயத்தண்ணி (பால் விடாத தேநீர்) நிறத்தில் போகிறது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். பக்கத்து லயத்தில் ஒருவருடைய கோழியைப் போன மாதம் சீனி கடித்துக் கொன்றுவிட்டாள். காசு கொடுத்தோம். ஆனாலும் அவர், "இந்த நாய்க்கு ஒரு வழி பண்ணுறேன்" என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். அம்மா இப்போது மண்ணை வாரித் தூற்றப் போகிறேன் என்று நிற்கிறாள். நான்தான் கையைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

நாளைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை. எந்த இடமும் திறந்திருக்காது. தம்பி கொழும்பில். என்ன செய்யலாம்?

மஸ்கெலியா பையன் (9.52)

மருந்துதான், சந்தேகமே வேண்டாம். எங்கள் டிவிஷனில் ஒரே மாதத்தில் மூன்று நாய் போனது. உப்பைக் கரைத்து வாயில் ஊற்றுங்கள், வாந்தி எடுத்தால் பிழைக்கும். விடிந்ததும் அந்த ஆளைப் பொலிசில் போடுங்கள்.

பேராதனைப் படிக்கட்டு (10.04)

அக்கா, உப்புத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். எண்ணெய், முட்டை வெள்ளை, புளித்தண்ணி, அடுப்புக் கரி, எதுவும் வேண்டாம். நிற்க முடியாத நாயின் வாயில் ஊற்றினால் பாதி நுரையீரலுக்குப் போய்விடும். உப்பு அதிகமானால் அதுவே மூளையைத் தாக்கும். அதோடு விஷம் தின்று இரண்டு நாள் ஆகியிருந்தால் வயிற்றில் எடுக்க ஒன்றும் மிச்சம் இருக்காது.

நான் மிருக வைத்தியப் பீடத்தில் கடைசி வருடம். டொக்டர் இல்லை, அதை ஞாபகம் வைத்துக்கொண்டு வாசியுங்கள். சில விஷயம் பார்த்துச் சொல்ல முடியுமா? போன் டோர்ச் போதும்.

மேலுதட்டைத் தூக்கி ஈறு என்ன நிறம் என்று பாருங்கள். விரலால் ஒரு தரம் அமுக்கி விட்டால் நிறம் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது? கண்ணின் கருமணி ஊசிமுனை மாதிரிச் சுருங்கியிருக்கிறதா, சாதாரணமா? வாயில் நுரை, எச்சில் ஒழுகல், உடம்பில் துடிப்பு இருக்கிறதா? காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா? தெர்மோமீட்டர் இருந்தால் காய்ச்சல் பாருங்கள், மலவாசலில் வைத்துத்தான். நாய்க்கு 101 முதல் 102.5 வரை சாதாரணம், மனிதரை விடக் கொஞ்சம் கூட.

ஒன்று முக்கியம். விசர்நாய் ஊசி போட்டிருக்கிறீர்களா? போடவில்லை என்றால், அல்லது இரண்டு மூன்று நாளாகக் குணம் மாறியிருந்தால், வாய்க்குள் கையை விடவே வேண்டாம். ஈறு பார்ப்பதையும் விட்டுவிடுங்கள்.

கடைசிக்காம்பரா (10.37)

ஊசி போன வருடம் போட்டது. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஆட்கள் கோயில் முற்றத்துக்கு வந்து போட்டார்கள், அட்டை இருக்கிறது. குணம் மாறவில்லை. கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டுகிறாள். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

ஈறு வெள்ளை. கழுவிக் கழுவி நைந்த வேட்டி மாதிரி வெளிறியிருக்கிறது. அமுக்கினால் மாற்றமே தெரியவில்லை, முதலிலேயே நிறம் இல்லையே. கண் சாதாரணம். நுரை, துடிப்பு எதுவும் இல்லை. கொரோனா நேரத்தில் வாங்கின தெர்மோமீட்டரில் 104.6 காட்டுகிறது.

உண்ணி, காதுக்குள் பதினொன்று வரை எண்ணினேன். அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. குளிர் நாட்டில் உண்ணி வராது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் மாதிரி இருந்தது என்று நேற்று ராத்திரி பனடோல் (பாரசிட்டமோல்) அரை வில்லை கொடுத்தேன். அதனாலா இப்படி ஆனது?

பேராதனைப் படிக்கட்டு (10.58)

பனடோலால் இல்லை. பதினான்கு கிலோ நாய்க்கு அரை வில்லையால் இவ்வளவு நடக்காது. ஆனால் இனிமேல் மனித மாத்திரை எதுவும் வேண்டாம். பூனைக்குக் கொடுத்திருந்தால் பூனை செத்திருக்கும். ஐபுபுரோஃபன் நாய்க்கே வயிற்றைப் புண்ணாக்கி சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், மரக்கறிக்கு அடிக்கிற பூச்சிமருந்து தின்ற மாதிரித் தெரியவில்லை. அந்த வகை மருந்து உடம்புக்குள் போனால் நிமிடக் கணக்கில், மிஞ்சினால் சில மணி நேரத்தில் எச்சில் ஒழுகும், கருமணி சுருங்கும், வயிறு போகும், தசை துடிக்கும். இரண்டு நாள் மெல்ல மெல்லச் சோர்ந்து, காய்ச்சலும் காய்ந்து, ஈறு வெளிறி, மூத்திரம் கறுக்கிறது என்றால் முதலில் நினைக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். அது ஒரு நோய் இல்லை, பல நோய்க்கு ஒரே பெயர். நம் நாட்டில் நிறையப் பார்ப்பது இரண்டு. பபீசியா என்ற ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் போய் அதை உடைக்கும். உடைந்த சாயம்தான் மூத்திரத்தில் வரும். எர்லிக்கியா என்ற பக்டீரியா வெள்ளணுவுக்குள் குடியிருக்கும். ரத்தம் உறைய வைக்கிற தட்டணுக்கள் அதனால் குறையும், மூக்கில் ரத்தம் வரும். ஒரே உண்ணி இரண்டையும் கொடுக்கலாம்.

எலி மருந்தையும் கழித்துவிட முடியாது. இப்போது கடையில் விற்கிற வகைகளில் பெரும்பாலானவை ரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு நாளிலிருந்து ஐந்து நாளுக்குள்தான் ரத்தக்கசிவு தொடங்கும். அதற்குக் காய்ச்சல் இவ்வளவு காய்வது வழக்கம் இல்லை. ஆனால் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன்.

எலிக்காய்ச்சலும் ஆகலாம், இந்த மழைக்கு. அதனால் மூத்திரத்தை வெறும் கையால் துடைக்காதீர்கள். ஷொப்பிங் பையைக் கையில் மாட்டிக்கொண்டு துடையுங்கள், அந்த இடத்தில் ப்ளீச் போடுங்கள். அது நமக்கும் தொற்றும்.

இன்றைக்கு ராத்திரி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அசையாமல் படுக்க வையுங்கள், படியில் ஏற இறங்க விடாதீர்கள். தானாகக் குடித்தால் தண்ணீர். மூச்சு, காய்ச்சல், ஈறு, மூத்திரம், நான்கையும் மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் நேரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். டொக்டருக்கு அந்தத் தாள் உங்கள் சந்தேகத்தை விட நிறையச் சொல்லும்.

கொட்டாஞ்சேனை வாசி (11.10)

இருபத்திநாலு மணி நேரமும் திறந்திருக்கிற இடங்கள் இருக்கின்றனவே, ஏன் காத்திருக்கிறீர்கள்? உடனே கொண்டு போங்கள்.

டிக்கோயா மழை (11.21)

தம்பி, அது கொழும்பில். பொகவந்தலாவையில் இந்த நேரத்தில் ஒரு ஆட்டோவைத் தட்டி எழுப்பி, நோர்வூட் தாண்டி, டிக்கோயா தாண்டி ஹட்டனுக்கு இறங்க வேண்டும். பனி இறங்கியிருந்தால் முன்லைட் வெளிச்சத்தில் சொந்தச் சக்கரம் கூடத் தெரியாது. அங்கே போனாலும் மிருக டொக்டர் விழித்திருக்க வேண்டுமே.

மகள், நான் முப்பத்தியாறு வருடம் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை பார்த்தவன். நாய்க்கு என்ன வந்தாலும் லயத்தில் முதலில் வருகிற வார்த்தை "மருந்து வச்சுட்டாங்க", அதற்கு அடுத்தது "செய்வினை". எங்கள் வீட்டில் ஒரு கறுப்பு நாய் இருந்தது. இடது மூக்கில் மட்டும் மூன்று வாரம் ரத்தம் வந்தது, தும்மிக்கொண்டே இருந்தது. கோடாங்கி கூட வந்து பார்த்துவிட்டுப் போனான். கடைசியில் ஸ்டோரில் வேலை பார்த்த ஒரு சிங்கள மனிதர், அரை நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, அப்புறம் ஒரு கோப்பைத் தண்ணீரை மூக்குக்குக் கீழே பிடித்தார். உள்ளே இருந்து ஒரு அட்டை எட்டிப் பார்த்தது. ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது குட்டியாக ஏறினது, உள்ளேயே கொழுத்துவிட்டது. அந்த மூன்று வாரமும் நாங்கள் யாரைச் சந்தேகப்பட்டோம் என்று இங்கே எழுத மாட்டேன்.

சீனிக்கு அட்டை என்று சொல்லவில்லை. அட்டையால் ஈறு வெளுக்கலாம், காய்ச்சல் வராது. உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், மண் அங்கேயே இருக்கும், நாளைக்கும் தூற்றலாம்.

லீக்ஸ் தோட்டம் (11.48)

கந்தப்பளையில் மரக்கறி செய்கிறேன். மருந்து பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கிழங்குக்கும் கோவாவுக்கும் (முட்டைக்கோஸ்) நாங்கள் அடிப்பது கொஞ்சமா? என் நாய் ஒருமுறை மருந்து கரைத்த பீப்பாயில் வாய் வைத்துவிட்டது. அரை மணி நேரத்தில் நுரை, நடுக்கம், கண் ஊசிமுனை. நுவரெலியாவில் அத்ரோபின் ஊசி போட்டுப் பிழைத்தது. பேராதனைத் தம்பி சொல்வது சரி, அது இப்படி மெதுவாக வராது.

தோட்டத்தில் புல்லுக்கு அடித்த மருந்தாக இருக்குமோ என்று அடுத்து யாராவது கேட்பார்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை 2015இல் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் திரும்ப விட்டார்கள். அடித்த புல்லை நாய் மென்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். ஈறு வெள்ளையாகி 104 காய்ச்சல் என்றால் எனக்கு அது பொருந்தவில்லை.

மஸ்கெலியா பையன் (11.55)

எல்லோரும் அந்த ஆளைக் காப்பாற்றுகிறீர்கள். வாயால் சொன்னவன் கையால் செய்ய மாட்டானா?

ஹப்புத்தளைக் காற்று (புதன், அதிகாலை 12.30)

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். மஸ்கெலியாத் தம்பி, நானும் உங்களை மாதிரித்தான் இருந்தேன்.

எங்கள் ரொக்கி 2019இல் செத்தான். ஒரே நாளில் வயிறு ஊதி, மூக்கிலும் வாயிலும் ரத்தம். அதற்கு முந்தின வாரம்தான் மதினி வீட்டோடு வேலிச் சண்டை. வேறு யார் செய்திருப்பார்கள்? தெருவில் நின்று நான் பேசாத பேச்சில்லை. ஒன்பது மாதம் கழித்துக் கூரைத் தகரம் மாற்றும்போது, வீட்டுக்காரர் எலிக்கு வைத்திருந்த நீலக் கட்டிகளின் பை கிடைத்தது. மூலை கடித்திருந்தது, பல் அடையாளத்தோடு. அது எலிப்பல்லா நாய்ப்பல்லா என்று அன்றைக்கு முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெரிய பல்.

மதினியிடம் இன்னும் பேசவில்லை. அவள் மகளின் கல்யாணத்துக்கும் போகவில்லை. இப்போது போய் என்னவென்று சொல்வது?

உங்கள் வீட்டிலும் அட்டாளையில், அடுப்புக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். குற்றம் சொல்வதற்கு இல்லை. டொக்டர் கேட்பார், அதற்காக.

கடைசிக்காம்பரா (புதன், அதிகாலை 5.15)

பார்த்தேன் அக்கா. எங்கள் வீட்டில் எலி மருந்து இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் இல்லை என்றால் வரிசையில் மீதி ஒன்பது காம்பராவிலும் இல்லை என்று ஆகுமா? எல்லாம் ஒரே கூரைதானே, எலி இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு ஓடுகிறது.

ராத்திரி முழுக்க எழுதி வைத்தேன். 12 மணி 104.8, 3 மணி 104.2, மூச்சு நிமிடத்துக்கு 44. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்கு மேல் கோபம் எல்லாம் போய்விட்டது. "நான்தான் உண்ணியைப் பார்க்காம விட்டுட்டேன், என் மடியிலதானே படுத்திருந்தா" என்று அழுகை. அவள் விடியக்காலையில் மலைக்குப் போய் இருட்டுகிற நேரம் வருகிறவள். எப்போது பார்ப்பாள்?

ஆட்டோ சொல்லியாகிவிட்டது. ஆறு மணிக்கு இறங்குகிறோம்.

பேராதனைப் படிக்கட்டு (5.40)

நல்லது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள். உண்ணி இரண்டை ஒரு சின்னப் போத்தலில் போட்டு எடுத்துப் போனாலும் நல்லது. நகத்தால் நசுக்க வேண்டாம், மண்ணெண்ணெயும் ஊற்ற வேண்டாம். அது நாயின் தோலைப் பொசுக்கும், நக்கினால் உள்ளுக்கும் போகும்.

போயா என்பதால் அரச அலுவலகம் மூடியிருக்கும். ஹட்டனில் யாரும் கிடைக்காவிட்டால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைக்கு வந்துவிடுங்கள். போதனா மிருக வைத்தியசாலை பீடத்தோடே இருக்கிறது. விடுமுறை நாளில் யார் இருப்பார்கள் என்று முதலில் போன் பண்ணிக் கேளுங்கள்.

கடைசிக்காம்பரா (புதன், இரவு 8.20)

நாள் முழுக்க ஓட்டம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் போன இடத்தில் கேட்டுக்குள்ளேயே விடவில்லை. மாடு என்றால் பார்க்கலாம், நாய்க்கு நாளைக்கு வா என்றார்கள். இடத்தின் பெயர் வேண்டாம். ஆட்டோ அண்ணன்தான் அவருக்குத் தெரிந்த ஒரு டொக்டரின் வீட்டுக் கதவைத் தட்டினார். சாரத்தோடு வெளியே வந்தார், போயாவுக்குச் சில் (விரதம்) எடுத்த அம்மாவைப் பன்சலையில் (பௌத்த விகாரையில்) விட்டுவிட்டு அப்போதுதான் வந்தாராம். தாளை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். "இது யார் எழுதச் சொன்னது?" என்று கேட்டார்.

அவர் சொன்னது: உண்ணிக் காய்ச்சல் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மூக்கில் ரத்தம் இருக்கிறது, எலி மருந்து இல்லை என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க இந்த நாய்க்கு நேரம் இல்லை. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே மருந்து தொடங்குகிறேன். உண்ணிக் காய்ச்சலுக்கு டொக்சிசைக்ளின் ஒன்று, எலி மருந்துக்கு விட்டமின் கே ஊசி ஒன்று, சேலைன். காதுமடலில் குத்தி ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து எடுத்துக்கொண்டார். நாளைக்குப் பேராதனைக்குப் போக ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஆட்டோவுக்கும் மருந்துக்குமாக இன்றைக்கு மட்டும் பதினேழாயிரம். அம்மாவின் அரை மாதச் சம்பளம். லயத்தில் இறங்கினதும் ஒரு பெரியம்மா, "ஒரு நாய்க்கா இவ்வளவு? அதுல ஒரு ஆடு வாங்கலாமே" என்றார். பதில் சொல்லவில்லை. ஆடு வாங்கலாம்தான், கணக்கு சரி.

லீக்ஸ் தோட்டம் (8.45)

பெரியம்மாமார் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சாயத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

கடைசிக்காம்பரா (வியாழன், மாலை 4.10)

பேராதனையில் இருந்து எழுதுகிறேன். ரத்தத்தின் சிவப்பணு அளவு, பி.சி.வி. என்கிறார்கள், 17. நல்ல நாய்க்கு 37இல் இருந்து 55 வரை இருக்க வேண்டுமாம். தட்டணு 22,000. இரண்டு லட்சமாவது இருக்க வேண்டியது. கண்ணாடித் துண்டில் ஒட்டுண்ணி எதுவும் தெரியவில்லை. அப்படி என்றால் உண்ணிக் காய்ச்சல் இல்லையா? பிறகு என்னதான் இது?

இன்னும் இறங்கினால் ரத்தம் ஏற்ற வேண்டி வரும், பெரிய நாய் ஒன்று தயாராக இருந்தால் நல்லது என்று சொன்னார்கள்.

லீக்ஸ் தோட்டம் (4.14)

என்னிடம் இருக்கிறது. 34 கிலோ, ஐந்து வயசு, ஊசி எல்லாம் போட்டது. லொறி வெள்ளிக்கிழமை விடிய மரக்கறியோடு கண்டிக்கு இறங்கும், அதில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன்.

பேராதனைப் படிக்கட்டு (5.02)

தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை அக்கா. ஒரு துளியில் லட்சக்கணக்கான அணு. எர்லிக்கியாவைக் கண்ணாடித் துண்டில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். பபீசியா ஜிப்சோனி மிகச் சின்னது, ரத்தத்தில் குறைவாக இருக்கிற நாளில் கண்ணில் படாது. அதை நாய்களில் முதலில் கண்டு எழுதியது 1910இல், சென்னை வேட்டை நாய்களில். நூறு வருடத்துக்கு மேல் தெரிந்த கிருமி, இன்றைக்கும் ஒளிந்து விளையாடுகிறது.

உடம்பே தன் சிவப்பணுவைத் தாக்குகிற ஒரு நோயும் உண்டு. அதுவும் இதே மாதிரித்தான் இருக்கும். சில சமயம் உண்ணிக் காய்ச்சலே அதைத் தூண்டிவிடும்.

எலி மருந்துக்கு ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கலாம். ஆனால் நேற்றே விட்டமின் கே போட்டாகிவிட்டது. ஒரு நாளில் அது உறைவதைச் சரிப்படுத்திவிடும். இனி அந்த டெஸ்ட் சரியாக வந்தாலும், மருந்தால் சரியானதா, முதலிலேயே சரியாகத்தான் இருந்ததா என்று பிரிக்க முடியாது. ஹட்டன் டொக்டர் செய்தது பிழை இல்லை. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

மஸ்கெலியா பையன் (5.20)

அப்போ கடைசி வரைக்கும் தெரியாதா?

பேராதனைப் படிக்கட்டு (5.26)

தெரியாமலே போகலாம்.

கடைசிக்காம்பரா (வெள்ளி, காலை 11.00)

இன்றைக்கு 19. இரண்டு புள்ளி ஏறியிருக்கிறது. ரத்தம் ஏற்ற வேண்டாம், இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்கிறார்கள். கந்தப்பளை அண்ணன் நிஜமாகவே நாயோடு வந்துவிட்டார். லொறியில் லீக்ஸ் மூட்டைக்கு நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. பேச்சு வரவில்லை எனக்கு. திரும்பிப் போகும்போது ஒரு கட்டு லீக்ஸும் கையில் திணித்துவிட்டுப் போனார்.

இங்கே ஒன்று கேட்கலாமா? ஒரு கட்டத்தில் போதும் என்று எப்படி முடிவு எடுப்பது? நேற்று ராத்திரி அது மட்டும்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஹப்புத்தளைக் காற்று (11.40)

கேட்கலாம். ரொக்கிக்கு அடுத்து வந்த நாய்க்குச் சிறுநீரகம் போய்விட்டது. டொக்டர் என்னிடம் மூன்று கேள்விதான் கேட்டார். தின்கிறதா, உங்களைக் கண்டால் தலையைத் தூக்குகிறதா, படுத்த இடத்திலேயே போகாமல் இருக்கப் பார்க்கிறதா. மூன்றுக்கும் இல்லை என்று நான் சொன்ன அன்றைக்குத்தான் ஊசியைப் பற்றிப் பேசினார். சீனி வாலை ஆட்டுகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்னும் அந்தக் கேள்விக்கு நேரம் வரவில்லை.

காசு தீர்ந்துபோய் நிறுத்த வேண்டி வந்தாலும் அது பாவம் இல்லை தங்கச்சி. 2022இல் பெட்ரோல் இல்லாத நாட்களில் எத்தனை பேர் கொண்டு போக வழியில்லாமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். அதையெல்லாம் நினைத்துக்கொண்டே இருந்தால் மனுசர் வாழ முடியாது.

டிக்கோயா மழை (12.15)

வீட்டுக்குக் கொண்டு வருவதற்கு முன்னால் காம்பராவைச் சுத்தம் பண்ணுங்கள். நாயில் இருக்கிற உண்ணி கொஞ்சம், சுவரில் இருக்கிறதுதான் அதிகம். பழைய லயத்துச் சுவர் வெடிப்பு இருக்கிறதே, அது உண்ணிக்கு மாளிகை. வெளியே குளிரட்டும், அடுப்பு எரிகிற காம்பரா எப்போதும் சூடுதான்.

பேராதனைப் படிக்கட்டு (12.31)

ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஒரு தாய் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும், அதுவும் நாய் மேல் இல்லை, வெடிப்புக்குள். குஞ்சுகள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கும். வெடிப்பைச் சிமெந்தால் பூசுங்கள், சாக்கை எரியுங்கள், படுக்கைத் துணியைக் கொதிதண்ணீரில் போடுங்கள். மாட்டுக்கு ஊற்றுகிற உண்ணி மருந்தைக் கண்ணளவில் நாய்க்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேண்டாம். எடைக்கு ஏற்ற மருந்தை டொக்டரே தருவார்.

கடைசிக்காம்பரா (அடுத்த வியாழன், இரவு 7.50)

சீனி வீட்டில். செவ்வாய்க்கிழமை கொண்டு வந்தோம். பி.சி.வி. 26. காய்ச்சல் இல்லை. கருவாட்டுத் தலை போட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தால் தின்கிறாள், வெறும் ரொட்டி என்றால் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள்.

விரைவு டெஸ்ட் ஒன்று செய்தார்கள், எர்லிக்கியாவுக்கு 'ஆம்' என்று வந்தது. நான் சந்தோஷப்பட்டேன், அப்பாடா, விடை கிடைத்துவிட்டது என்று. டொக்டர் சிரித்தார். அது காட்டுவது எதிர்ப்புச் சக்தியை மட்டும்தானாம். எப்போதோ ஒரு காலத்தில் அந்தக் கிருமி உடம்புக்குள் வந்து போனது என்பதற்கு அடையாளம். இந்தத் தடவை விழுத்தியது அதுதான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாதாம். லயத்து நாய்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் காட்டும் என்று அவர் நினைக்கிறார்.

இருபத்தெட்டு நாள் டொக்சிசைக்ளின். சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும், அப்புறம் கொஞ்சம் தண்ணீர், இல்லாவிட்டால் தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்குமாம். விட்டமின் கே மாத்திரையும் அதே நான்கு வாரம், எதற்கும் இருக்கட்டும் என்று.

மஸ்கெலியா பையன் (8.05)

சந்தோஷம் அக்கா. அந்த ஆள்?

கடைசிக்காம்பரா (8.30)

அதைத்தான் சொல்ல வந்தேன், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை தம்பி வந்து சுவர் வெடிப்புக்குச் சிமெந்து பூசிக்கொண்டிருந்தான். அந்த அண்ணன் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "நாய் எப்படி?" என்றார். "பரவாயில்லை அண்ணே" என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். "நான் ஒண்ணும் வைக்கல" என்றார். நான் கேட்கவே இல்லையே. வரிசையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "சரி அண்ணே" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

அவர் சொன்னதை நம்புகிறேனா? பகலில் நம்புகிறேன். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து சீனியின் மூச்சை எண்ணும்போது நம்பிக்கை கொஞ்சம் ஆடுகிறது. அவர் வைத்திருக்கலாம், விட்டமின் கே காப்பாற்றியிருக்கலாம். அவர் வைக்காமல் இருக்கலாம், டொக்சிசைக்ளின் காப்பாற்றியிருக்கலாம். இரண்டும் ஒரே நாளில் ஒரே ஆள் போட்ட ஊசி.

டிக்கோயா மழை (8.52)

கோழிக்கூடு எப்படி இருக்கிறது அவரிடம்?

கடைசிக்காம்பரா (9.01)

கூடு எங்கே, நாலு பலகையும் ஒரு சாக்கும்தான். சீனி இல்லாவிட்டால் கீரி தின்னும்.

டிக்கோயா மழை (9.04)

தம்பி திரும்பிக் கொழும்புக்குப் போவதற்குள் கம்பி வலை அடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கடைசிக்காம்பரா (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு காலை)

கேட்டவர்களுக்காக: பி.சி.வி. 38, தட்டணு 1,90,000. நேற்றோடு டொக்சிசைக்ளின் முடிந்தது. விட்டமின் கே இன்னும் இரண்டு மாத்திரை. ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வரச் சொன்னார்கள், சில நாய்களில் கிருமி ஒளிந்திருந்து பிறகு திரும்புமாம். வாரத்துக்கு ஒருமுறை அம்மாவும் நானும் காது பார்க்கிறோம். இந்த வாரம் ஒன்று கிடைத்தது.

வலை அடித்தாகிவிட்டது. தம்பி ஒரு பக்கம் பிடித்தான், அந்த அண்ணன் ஆணி எடுத்துக் கொடுத்தார். சீனியைக் கட்டித்தான் வைத்திருந்தோம். கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லீக்ஸ் தோட்டம் (ஞாயிறு, 9.15)

எந்த உண்ணி மருந்து கொடுத்தார்கள், மாத்திரையா, முதுகில் விடுகிறதா? என் ராஜாவின் காதிலும் இன்றைக்கு நாலு எடுத்தேன்.